எழவு வீட்டில் ஒரு ‘வாரேனுங்க’

சாந்தாமணி பிறந்தது ஓடுகிற பஸ்ஸில். அவிநாசியிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தாயாரை அவசரத்தில் எதிர்த்திசை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள் என்றும், கண்டக்டர் விசில் ஊதி வண்டி நிற்பதற்குள் குழந்தை வந்துவிட்டது என்றும், "இதுக்கு டிக்கெட் போடறதுங்களா, வேண்டாமுங்களா?" என்று அவர் டிரைவரைக் கேட்டார் என்றும் சொல்வார்கள். சொல்கிறவர்களில் ஒருவர்கூட அந்த பஸ்ஸில் இருந்ததில்லை. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய சாந்தாமணியைப் பார்த்த எவரும் அந்தக் கதையைச் சந்தேகப்பட்டதும் இல்லை. அந்த அம்மாள் நின்றால் நடப்பார், நடந்தால் ஓடுவார், காரில் ஏறினால் கார் ஓடுகிறபோதும் பிரேக் இருக்கிற இடத்தைத் தன் காலாலும் அழுத்திப் பார்ப்பார்.

கட்டிக்கொண்டது பொள்ளாச்சிப் பக்கம். மாப்பிள்ளை அப்புசாமி நேர் எதிர். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அவர் கயிற்றுக் கட்டிலைவிட்டு எழுந்திருக்கிறார் என்றால் மழை வருகிறது என்று பக்கத்துக் களத்தில் கொப்பரையை வாருவார்கள். முகூர்த்தத்தில் இருவரும் ஒரே மணையில் உட்கார்ந்திருந்த அந்த அரைமணி நேரம்தான் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்த மொத்த நேரம் என்று உறவுக்காரர்கள் சொல்வதுண்டு.

சாந்தாமணிக்குப் பால் சொசைட்டியில் வேலை. டிவிஎஸ் வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பால் எடுத்தார். எந்த வீட்டில் எருமை சினை, எந்த வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்பது வீட்டுக்காரர்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது ஊர்ப் பெரியவர்கள் கூடி, சாந்தாமணியை நிறுத்தினால் அப்புசாமி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார், தொந்தரவில்லாத மனுஷன், நமக்கும் சௌகரியம் என்று முடிவு செய்தார்கள். அவர்கள் நினைத்தபடியே அப்புசாமி உட்கார்ந்தார். அந்த நாற்காலியால் எதுவும் நடக்காது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. தண்ணீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் வந்தவர்கள் நாற்காலியைக் கடந்து, ரோட்டில் டிவிஎஸ்ஸை மறித்து மனுக் கொடுத்தார்கள்.

சட்டமன்ற உறுப்பினரானது இன்னும் சுருக்கமான கதை. தென்னம்பதி தொகுதிக்குக் கட்சியில் இரண்டு பெரிய மனிதர்கள் மோதினார்கள். இரண்டு பேரும் தலைமையிடம் தனித்தனியாகப் போய், "அவனுக்கு மட்டும் வேண்டாமுங்க, வேற யாருக்கு வேணும்னாலும் குடுங்க" என்றார்கள். அந்த வேறு யாரோதான் சாந்தாமணி. ஜெயித்தும் விட்டார். சட்டமன்றத்தில் கொப்பரைக் கொள்முதல் விலை பற்றியும் தென்னையில் விழும் வெள்ளை ஈ பற்றியும் பேச எழுந்தால் நேரம் முடிந்தும் நிற்பார். ‘உறுப்பினர் அமர வேண்டும்’ என்று அவைக்குறிப்பில் அதிகம் ஏறியது அவர் பெயருக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

அவருடைய அரசியலுக்கெல்லாம் முதல் ஒரே ஒரு சொல். "வாரேனுங்க."

கொங்குச் சீமையில் விடைபெறுகிற எவரும் ‘போகிறேன்’ என்று சொல்ல மாட்டார்கள். போனால் போனதுதானே. அதனால் ‘வாரேன்’. சாந்தாமணியும் எல்லோரையும் போலத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எம்.எல்.ஏ. ஆன பிறகுதான் அந்தச் சொல்லின் சௌகரியம் பிடிபட்டது. "பாலம் எப்பங்க வரும்?" என்று கேட்பார்கள். "வாரேனுங்க" என்று காரில் ஏறிவிடலாம். கேட்டவருக்கு அது வாக்குறுதி. சொன்னவருக்கு அது கும்பிடு. எந்த எதிர்க்கட்சிக்காரனும் அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. அஞ்சு வருஷத்தில் தென்னம்பதி முழுக்க ‘வாரேனுங்க’ விதைத்தாகிவிட்டது. முளைத்ததா என்று திரும்பிப் பார்க்கத்தான் நேரமில்லை.

தேர்தல் நெருங்கியது. மறுபடியும் சீட் கிடைக்குமா என்பதே சாந்தாமணியின் ஒரே கவலை. இளைஞர் அணி அருள்குமார், சட்டை மடிப்புக் கலையாத பையன், சீட்டுக்குக் கச்சை கட்டி நின்றான். தொகுதியில் யாரைக் கேட்டு மேலிடம் முடிவெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்: சென்னகிருஷ்ணன். தென்னந்தோப்பும் கயிறு மில்லும் உள்ளவர். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலுக்கு வந்தால் கொங்குத் தமிழ். அவர் தும்மினால் இரண்டு தோப்பு தள்ளிக் குரும்பை உதிரும் என்பார்கள். எழுபதை நெருங்கியும் ஆள் இரும்பு. சென்ற தேர்தலில் சாந்தாமணிக்குக் கை தூக்கியவரும் அவர்தான்.

அந்தச் சென்னகிருஷ்ணனின் தாயார் பங்காரம்மா தை மாதக் கடைசியில் காலமானார். தொண்ணூறைக் கடந்த கல்யாணச் சாவு. காலையில் இட்லி கேட்டு, அது வருவதற்குள் போய்விட்டார்.

எம்.எல்.ஏ.வின் நாள் என்பது கல்யாணமும் எழவும்தான், நடுநடுவே அரசாங்கம். அதற்கு சாந்தாமணி ஒரு வரிசை வைத்திருந்தார். நல்லதெல்லாம் முன்னால், கெட்டது பின்னால். கடைசி துக்கத்தை விசாரித்துவிட்டு நேரே வீடு, குளியல். அன்றைக்கு அமைச்சர் வருகையால் வரிசை தலைகீழானது. பங்காரம்மா வீட்டுக்கு முதலில் போய்விட்டு, அங்கிருந்து ஒரு காதுகுத்துக்கு ஓட வேண்டும். டிரைவர் யூனுஸ் டிக்கியில் ஒரு பாட்டில் மஞ்சள் தண்ணீரும் மாற்றுச் சேலையும் எடுத்து வைத்தான்.

"அக்கா, காதுகுத்துல தாய்மாமன் நமக்காகக் காத்துட்டு இருக்கறாருங்க. புள்ளை அழுவுதாமா. வெசையா முடிச்சுட்டு வாங்க."

"எழவுல என்னடா வெசையா முடிக்கறது?"

"இல்லீங்க்கா, அவிங்க முடிச்சுட்டாங்க. நாம கேட்டுப்போட்டு வர்றதுதானுங்களே."

உள்ளே போனார். பெண்களைக் கட்டிக்கொண்டு அழுதார். சென்னகிருஷ்ணன் பக்கத்தில் நின்று, "அம்மா நெறஞ்ச வாழ்வு வாழ்ந்தவங்ணா" என்றார். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. காதுகுத்துத் தாய்மாமன். மனம் அங்கே போய்விட்டது. கால் பாதி வழியில் இருந்தது. வாய் மட்டும் எழவு வீட்டு வாசலில் நின்றது. அந்த வாய், அஞ்சு வருஷமாக எந்த வாசலைத் தாண்டினாலும் சொல்கிறதைச் சொல்லிவிட்டது:

"சரிங்ணா. வாரேனுங்க. இன்னொரு நாளைக்குச் சாவகாசமா வாரேனுங்க."

அழுகை நின்றது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த கிழவி அடுத்த அடியை மறந்தாள். பந்தலுக்கு வெளியே பறை அடித்தவர்கள்கூட என்னவோ நடந்துவிட்டது என்று கையை நிறுத்தினார்கள்.

எழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். வந்தது போலவே தெரியாமல் நழுவ வேண்டும். ‘வாரேன்’ என்றால் அந்த வீட்டுக்கு இன்னொரு எழவுக்கு வருவதாக அர்த்தம். அதிலும் சாவகாசமாக!

சென்னகிருஷ்ணன் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தாயார் போன பிறகு அந்த வீட்டில் வயதில் மூத்தவர் யார் என்று கூட்டம் முழுக்க மனசுக்குள் எண்ணிப் பார்த்தது. அவரும் எண்ணிப் பார்த்தார்.

காரில் ஏறிய பிறகுதான் சாந்தாமணிக்கு உறைத்தது.

"யூனுஸு, நா என்னடா சொல்லிப்போட்டு வந்தேன்?"

"நானும் கேட்டனுங்க்கா. ‘வாரேன்’னு நிறுத்தியிருந்தாலாவது வாய் தவறிப்போச்சுன்னு நெனச்சிருப்பாங்க. ‘சாவகாசமா’வையும் சேத்துப்போட்டீங்க."

மறுநாள் சென்னகிருஷ்ணன் இருமினார். பங்காரம்மாவின் சடங்குகளில் பனியில் நின்றவர் இருமுவது அதிசயமா? ஆனால் அது எம்.எல்.ஏ. இருமல் என்று ஊர் பெயர் வைத்துவிட்டது. அடுத்த நாள் அவர் படுத்துவிட்டார். கோயமுத்தூரிலிருந்து டாக்டர் வந்து பார்த்து, ரத்தம் முதல் சகலமும் சோதித்து, "உங்க உடம்புல நாப்பது வயசு ஆளோட இதயம் இருக்குதுங்க" என்றார். "அந்த நாப்பது வயசுக்காரன் பொழச்சுக்குவான் டாக்டர். என்னைச் சொல்லுங்க" என்றார் சென்னகிருஷ்ணன்.

சாந்தாமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சும்மா இருந்திருந்தால் ஆறியிருக்கும். சும்மா இருக்கத்தான் அவருக்குத் தெரியாதே. முதலில் அப்புசாமியை அனுப்பினார், கையில் ஒரு கூடை ஆப்பிள், ஆரஞ்சுடன். பழக்கூடையைப் பார்த்ததும் சென்னகிருஷ்ணன், "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற மாதிரியே கொண்டாந்திருக்கறாங்க பாரு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அடுத்து கோவிலில் அவர் பேருக்கு ஆயுள் ஹோமம் செய்து பிரசாதம் அனுப்பினார். "ஆயுசு பத்தலேன்னு அந்தம்மாவுக்கே தெரிஞ்சிருக்குது" என்றார் அவர். மூன்றாவதாக, மில்லுக்குப் போகும் ரோட்டில் ‘ஐயா நீடூழி வாழ்க’ என்று அவர் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைக்கச் சொன்னார். அச்சடித்தவன் பழக்க தோஷத்தில் ஓரத்தில் இரண்டு வெள்ளைப் புறாவைப் பறக்கவிட்டிருந்தான். கண்ணீர் அஞ்சலிக்கு வைக்கிற அதே புறா.

"ஏம்மணி, நீ சித்தே உக்காரேன்" என்றார் அப்புசாமி, கட்டிலிலிருந்து. "நீ எந்திரிச்சு எந்திரிச்சு அந்த மனுஷனைப் படுக்க வெச்சுக்கிட்டு இருக்கறே."

"சீட் போயிரும்ங்க."

"போனாப் போகட்டும். பால் சொசைட்டி இருக்குது."

"உங்களுக்கென்ன? நீங்க எந்த நாற்காலியிலயும் உக்காருவீங்க."

மேலிடத்துப் பார்வையாளர் பொள்ளாச்சிக்கு வந்து நேர்காணல் நடத்தும் தேதி குறிக்கப்பட்டது. அவர் முதலில் சென்னகிருஷ்ணனைத்தான் கேட்பார். சென்னகிருஷ்ணனோ, ‘அந்தம்மா பதவியில இருந்தாத்தானே எழவுக்கு வருவாங்க, பதவியே இல்லைன்னா?’ என்று சொல்லிக்கொண்டிருப்பதாகத் தகவல். அருள்குமார் தினமும் காலையில் போய், அவர் கால்மாட்டில் நின்று, "ஐயா, நான் உங்க ஊட்டுக்கு வந்தா சொல்லாமதானுங்க போறேன்" என்கிறானாம்.

சாந்தாமணி நேரே சென்னகிருஷ்ணன் வீட்டுக்குக் கிளம்பினார்.

வாசலில் மருமகள் ஹாரிகா நின்றிருந்தாள். கணினி வேலை பார்க்கிற பெண். காதில் மாட்டிய கருவியைக் கழற்றிவிட்டுச் சங்கடத்தோடு கும்பிட்டாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. மாமா உங்களை வாசப்படி மிதிக்க விட வேண்டாம்னு சொல்லியிருக்காருங்க."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "வந்துட்டாளா? சொன்ன மாதிரியே வந்துட்டாளா? ஹாரிகா, கதவைச் சாத்து கண்ணு!"

"நா உள்ள வரலீங்ணா!" என்று சாந்தாமணி வெளியிலிருந்தே கத்தினார். வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், செம்பருத்திச் செடிக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்து, அவர் படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே நின்றார். கம்பிக்கு அந்தப் பக்கம் போர்வைக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. முற்றத்தில் முதலாளியின் உடம்பை விசாரிக்க வந்த மில் ஆட்களும் கட்சிக்காரர்களும் நின்றார்கள். எல்லோரும் ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள்.

"ஏனுங்ணா, வாய் தவறி வந்த வார்த்தைங்க அது."

"வாய்க்குத் தெரியாம வார்த்தை வருமா அம்மணி? நீ வாரேன்னு சொன்னே. அதும் ரெண்டு தடவை."

"பழக்கத்துல சொன்னதுங்க."

"எமன்கூடப் பழக்கத்துலதான் வாரான்."

செம்பருத்திக் கிளை கழுத்தில் குத்தியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த ஊரில் கூட்டம் காத்திருந்தது. கெஞ்சி, கும்பிட்டு, சத்தியம் செய்து எல்லாம் தீர்ந்து, கடைசியில் கோபம் வந்துவிட்டது.

"அண்ணா, ஒண்ணு கேக்கறனுங்க. அஞ்சு வருஷமாப் பாக்கறீங்க. நா வாரேன்னு சொல்லி எங்கயாச்சும் வந்திருக்கறனுங்களா?"

போர்வை கொஞ்சம் இறங்கியது.

"உங்க மில்லு ரோட்டை வந்து பாக்கறேன்னு சொன்னனுங்களே. வந்தனா?"

சென்னகிருஷ்ணன் யோசித்தார். "வரலே."

"உங்க தோப்புல வெள்ளை ஈ உழுந்தப்ப ஆபீசரைக் கூட்டிக்கிட்டு வாரேன்னேன். வந்தனா?"

"வரலே. ஈதான் வந்துச்சு."

"கரட்டுப்பள்ளத்துக்குப் பாலம் போட வாரேன்னு போன தேர்தல்ல சொன்னேன்."

"வரலீங்க!" என்று முற்றத்திலிருந்து ஒரு குரல். மில்லில் மட்டை உரிக்கிற ராசாத்தாள். கரட்டுப்பள்ளம் அவள் ஊர். மழைக் காலத்தில் பள்ளத்தில் வெள்ளம் வந்தால் அந்த ஊரிலிருந்து குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குக் கடக்க முடியாது. "நாங்க பந்தல் போட்டு, பலகாரஞ் சுட்டு வெச்சிருந்தமுங்க. வரலீங்க!"

"எங்க ஊரு மாரியம்மன் நோம்பிக்கு?" என்றான் ஒருவன். "வரலீங்க!" என்றான் அவனே. ஆஸ்பத்திரிக்கு நர்சு கேட்டபோது? வரலீங்க. வால்பாறை எஸ்டேட் லைனில் கூரை பறந்தபோது? அது பக்கத்துத் தொகுதி என்று யாரோ நினைவூட்ட, "பக்கத்துத் தொகுதிக்கும் வாரேன்னுதான் சொன்னாங்க, வரலீங்க!" என்றார்கள். சட்டமன்றத்தில் ஆம் என்போர் ஆம் சொல்வது போல் முற்றமே ஒரே குரலில் வரலீங்க, வரலீங்க என்றது.

ஒவ்வொரு ‘வரலீங்க’வுக்கும் சென்னகிருஷ்ணனின் முகத்தில் ரத்தம் ஏறியது. நோம்பிக்கு எழுந்து உட்கார்ந்தார். நர்சுக்குக் கால் தரையில் பட்டது. வால்பாறைக்கு, "ஹாரிகா, களி இருக்குதா கண்ணு? கீரைக் கடைசல் இருந்தாலும் கொண்டா" என்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாந்தாமணியைப் பார்த்துச் சிரித்தார்.

"அட, ஆமா அம்மணி! நீ வாரேன்னு சொன்னாத்தான் நெம்பப் பத்திரம்!"

முற்றம் சிரித்தது. சாந்தாமணியும் சிரித்தார். ஜெயித்தாகிவிட்டது. ஆனால் காருக்கு நடக்கும்போது ராசாத்தாள் சிரிக்காமல் நின்றதை அவர் பார்த்தார். பந்தல் போட்டு, பலகாரஞ் சுட்டு. எந்தப் பலகாரமோ. கேட்கத் தோன்றவில்லை.

"யூனுஸு, கரட்டுப்பள்ளத்துக்கு நாம போகவே இல்லியாடா?"

"போனமுங்க்கா, ஓட்டுக் கேக்க."

"அதுக்கப்புறம்?"

யூனுஸ் கியர் மாற்றினான்.

அன்று சாயங்காலமே வீடியோ வந்துவிட்டது. எடுத்தவன் அருள்குமாரின் ஆள். எம்.எல்.ஏ. தன் வாயாலேயே கேட்கிறார், மக்கள் ‘வரலீங்க’ என்கிறார்கள். பின்னால் கும்மி மெட்டு வேறு சேர்த்திருந்தார்கள். சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள், "இந்த மாட்டுக்குப் பால் வருமுங்களா?" என்று கேட்டால் சுற்றி நின்றவர்கள், "வரலீங்க" என்று சிரித்தார்கள். தென்னம்பதி தாண்டி, பொள்ளாச்சி தாண்டி, அந்தப் பாட்டு சென்னைக்கும் போனது.

நேர்காணலில் பார்வையாளர் போனைத் திருப்பிக் காட்டினார். "என்னம்மா இது? எதிர்க்கட்சி சொல்ல வேண்டியதையெல்லாம் நீங்களே சொல்லிட்டீங்களே. அவங்களுக்கு இனிமே என்ன வேலை?"

"ஒரு உசுரைக் காப்பாத்தறதுக்குச் சொன்னதுங்க."

"நல்ல காரியம். ஆனா சீட்டை எப்படிம்மா காப்பாத்தறது?"

வெளியே அருள்குமாரின் ஆட்கள் பட்டாசு வாங்கிவிட்டார்கள். சாந்தாமணி மூன்று நாள் வீட்டுக்குள் நடந்தார். முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடந்து நடந்து சிமெண்டுத் தரையில் தடம் விழுந்தது என்று அப்புசாமி இன்றைக்கும் காட்டுவார். அது பழைய விரிசல்தான்.

அருள்குமாருக்குச் சீட் என்ற செய்தி, களியும் கீரையும் தின்று தெம்பாகத் தோப்பில் நடந்துகொண்டிருந்த சென்னகிருஷ்ணனின் காதிலும் விழுந்தது. நடை நின்றது. அவர் மூளை வேகமாக வேலை செய்தது. பதவியில் இருக்கிற சாந்தாமணி எங்கும் திரும்பி வர மாட்டாள்; அது நிரூபணமான சங்கதி. பதவி போய்விட்டால்? வேறு வேலை ஏது? சாவகாசம்தான்! சாவகாசமாக வாரேன் என்றுதானே சொன்னாள்!

அவர் எந்தக் காலத்திலும் சென்னைக்குப் போனதில்லை. எது வேண்டுமானாலும் சென்னைதான் தன்னிடம் வர வேண்டும் என்ற கொள்கை. அன்றைக்கு விமானத்தில் போனார். கட்சி அலுவலகத்தில் என்ன பேசினார் என்பதற்குப் பத்து விதக் கதை உண்டு. மேஜையைத் தட்டினார் என்பார்கள். அழுதார் என்பார்கள். "அந்தம்மா எம்.எல்.ஏ.வா இருக்கோணும், இல்லீன்னா நான் இருக்க மாட்டேன்" என்றாராம். அதைக் கேட்டவர்கள், இவ்வளவு விசுவாசமா என்று நெகிழ்ந்து போனார்களாம்.

பட்டியலில் சாந்தாமணியின் பெயர் வந்தது. வீட்டு முன்னால் வெடி, மாலை, மேளம். அந்தக் கூச்சலில் சென்னகிருஷ்ணனின் போன்.

"அம்மணி, சந்தோஷமா?"

"உங்க புண்ணியமுங்ணா. எப்புடி நன்றி சொல்றதுன்னே..."

"நன்றியெல்லாம் வேண்டாம். நேர்ல வந்து கீது சொல்லிப்போடாத. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மாறிப்போடாத. இத்தன வருஷம் எப்புடி இருந்தயோ அப்புடியே இரு. பி ஃபாரம் எங்கிட்டதான் இருக்குது. வேட்பு மனு அன்னைக்கு ஹாரிகாகிட்டக் குடுத்து உடறேன்."

கட்சியின் கையெழுத்துப் போட்ட அந்த பி ஃபாரம் இல்லாமல் சின்னம் கிடையாது. பட்டியலில் பெயர் வந்தும் அது கைக்கு வராமல் நின்றவர்கள் எத்தனையோ பேர். சாந்தாமணிக்குத் தெரியும். சரிங்ணா என்று போனை வைத்தார்.

மாலைகள் கழுத்தை அறுத்தன. மாறிப்போடாதே. அப்படியே இரு. சீட் கிடைத்தது ஓடியாடி உழைத்ததற்கு இல்லை. எங்கும் திரும்பிப் போகாததற்கு. மேளக்காரர்கள் வேகம் பிடித்தார்கள். யாரோ மைக்கைக் கையில் திணித்தார்கள். சாந்தாமணி அதைப் பக்கத்திலிருந்த அப்புசாமியிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப் பக்கமாக நடந்தார். கொல்லையில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான் யூனுஸ்.

"எடுடா."

"எங்கீங்க்கா? முன்னால அத்தன பேரு நிக்கறாங்க."

"கரட்டுப்பள்ளம்."

யூனுஸ் கையிலிருந்த துணியைப் பிழிந்தான். "அங்க இப்பப் போனா ஓட்டுக் கெடைக்காதுங்க்கா. ஒத வேணும்னா கெடைக்கும்."

"ரெண்டுல ஒண்ணு கெடைக்கட்டும். எடு."

தோப்புகள் முடிந்து கரடு தொடங்கும் இடத்தில் தார் ரோடு முடிந்தது. பள்ளம் காய்ந்து கிடந்தது. உருண்டைக் கற்கள், நடுவே ஒரு கோடு ஈரம். அக்கரையில் வீடுகள். சாந்தாமணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கற்களின் மேல் இறங்கி நடந்தார். ஒரு கல் புரண்டது, யூனுஸ் பிடித்துக்கொண்டான். அக்கரையில் முதலில் நாய்கள், பிறகு பிள்ளைகள், கடைசியாகப் பெரியவர்கள் வந்தார்கள். யாரும் கும்பிடவில்லை.

"ஏனுங்க அம்மணி, வழி தப்பி வந்துட்டீங்களா?" என்றாள் ராசாத்தாள். மில்லிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். முந்தானையில் மட்டைத் தூசி. "எலக்சன் ஜீப்பு அந்தப் பக்கமுங்க."

"இல்ல ராசாத்தா. வாரேன்னு சொன்னேனில்ல."

"அஞ்சு வருஷத்துக்கு முந்திங்களே, அது?"

"ஆமா. வழி தூரம்."

யாரோ சிரித்தார்கள். ராசாத்தாள் சிரிக்கப் போனவள், திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யோ, அப்ப எங்க மொதலாளி கதி?"

அதை சாந்தாமணி யோசிக்கவே இல்லை. யூனுஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இங்கே வந்துவிட்டாள் என்றால் அங்கேயும் வருவாள்தானே? ஒரு பையன் ஏற்கெனவே போனில் யாரிடமோ, "நெசமாத்தாண்டா, வந்துட்டாங்க, எம் முன்னால நிக்கறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். சேதிக்குப் பாலம் தேவைப்படாது.

போன் அடித்தது. சென்னகிருஷ்ணன்.

எடுக்காமல் விடலாம். எடுத்து, வண்டி வழியில் நின்றுவிட்டது என்று சொல்லலாம். பொய்கூட இல்லை, வண்டி வழியில்தான் நிற்கிறது. பி ஃபாரம் ஹாரிகா கையால் வந்து சேரும். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். பச்சைப் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு சின்னப் பெண், ராசாத்தாளின் பேத்தியாக இருக்கும், பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மணி." குரலில் பழைய இருமல் திரும்பியிருந்தது. "எங்க இருக்கறே? யாரோ என்னமோ சொல்றாங்க. கரட்டுப்பள்ளத்துக்குப் போயிருக்கறயாமா? இல்லேதானே?"

"இங்கதானுங்ணா இருக்கறேன்."

அந்தப் பக்கம் மூச்சு நின்று, வந்தது.

"வாரேன்னு சொல்லியிருந்தனுங்க. வந்துட்டேன். நீங்க பயப்படாதீங்க, உங்க ஊட்டுக்குச் சொல்லாமதான்..."

"ஹாரிகா!" என்று அவர் போனைக் கீழே வைக்காமலே கத்தியது கேட்டது. "அந்த மெட்ராஸ் ஆபீசு நம்பரைப் போடு கண்ணு! அருள்குமாரையும் வரச் சொல்லு!"

சாந்தாமணி போனை அணைத்து இடுப்பில் செருகினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, கடந்து வந்த கற்களைத் திரும்பிப் பார்த்தார்.

"மழையில தண்ணி எதுவரைக்கும் வரும், ராசாத்தா?"

ராசாத்தாள், முந்தானையைப் பிடித்திருந்த அந்தச் சின்னப் பெண்ணைப் பள்ளத்துக்குள் கூட்டிக்கொண்டு போய், நடுவில் ஈரம் இருந்த இடத்தில் நிறுத்தினாள். குழந்தையின் தலைக்கு மேலே ஒரு முழம் விட்டுக் கையை நீட்டிக் காட்டினாள்.

"இத்தனைங்க."